தேக்குப் பலகை கட்டிய சாவி

எதிர்வீட்டில் குடியிருக்கும் பெண் புதுவயல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மாலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள். போன வாரம் ஒருநாள், "டீச்சர், இப்ப எங்க பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்கிறதுக்குன்னு தனியா மணி அடிக்கிறோம். மணி அடிச்சதும் பிள்ளைக எல்லாம் பாட்டிலைத் திறந்து குடிக்கணும். இதெல்லாம் ஒரு வேலையா, சொல்லுங்க?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "குடிச்ச பிறகு பிள்ளைக எங்குட்டுப் போகும்? கதவு திறந்திருக்கா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வயதானால் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று நினைத்திருப்பாள். சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பயம் என் கூடப் பிறந்தது. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் தொலைந்துவிடுமோ என்று பயம், தொலையவில்லை என்றால் இறங்கும் இடத்தைத் தாண்டிவிடுமோ என்று பயம். எங்கள் அப்பா மாதா கோயிலில் உபதேசியார். "எல்லாரும் ஆண்டவருக்குப் பயப்படுவாக, எம்மக மட்டும் ஆண்டவரைத் தவிர மத்த எல்லாத்துக்கும் பயப்படுவா" என்று சிரிப்பார். அப்படிப்பட்ட என்னைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். பாடக் குறிப்பு எழுதவும், கரும்பலகையில் கோணாமல் எழுதவும், பின்வரிசைக்குக் கேட்கும்படி பேசவும் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். பிள்ளைகளின் உடம்பைப் பற்றி நகம், தலைமுடி, பல் என்று மேலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு வேலை கிடைத்த உயர்நிலைப் பள்ளி புதுவயலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளி. நான் ஒருத்திதான் பெண் ஆசிரியை. மேல் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் ஒரு பெஞ்சு, ஒன்றரை பெஞ்சு இருப்பார்கள். சுற்று வட்டக் கிராமங்களிலிருந்து கண்மாய்க் கரை வழியாக நடந்தே வருவார்கள்.

தலைமையாசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். பிரம்பைத் தொடாதவர். ஆறாம் வகுப்புப் பையனைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். பையன் நடுங்கிப்போவான். அடி வாங்கினால்கூட அவ்வளவு நடுக்கம் இருந்திருக்காது. மனசுக்குச் சங்கடமான பேச்சு வந்தால் மேஜை மேல் இருக்கும் மைப்புட்டியின் மூடியைத் திருகித் திறப்பார், மூடுவார், மறுபடியும் திறப்பார். மூடி திருகும் சத்தம் கேட்டாலே நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வேன்.

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு கக்கூஸ் இருந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். மலாயாவில் தொழில் செய்த ஒரு செட்டியார் குடும்பத்தார் கட்டிக் கொடுத்தது. ஓட்டுக் கூரை, வெள்ளைச் சுவர், தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். என் வீட்டுக் கூடத்தில்கூட அப்படிக் கல் கிடையாது. ஆனால் செட்டிநாட்டில் நல்ல பொருளென்றால் பூட்டித்தான் வைப்பார்கள். பீங்கானும் வெள்ளிச் சாமானும் உள்ளறையில் பூட்டிக் கிடக்கும், கல்யாணத்துக்குத்தான் வெளிச்சம் பார்க்கும். எங்கள் கக்கூஸும் அந்த வழக்கத்தில் மாட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் வரும்போது பெரிய சார் திறந்து காட்டுவார். கட்டின குடும்பத்தார் ஊருக்கு வந்தால் திறந்து காட்டுவார். எல்லோரும் எட்டிப் பார்த்து, "சுத்தமா வச்சிருக்கீக" என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

பிள்ளைகள் போகக் கூடாது என்று அவர் சொன்னதே இல்லை. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். போக வேண்டிய பெண் பிள்ளை அவர் அறைக்கு வந்து, பெயரும் வகுப்பும் சொல்லிச் சாவியைக் கேட்க வேண்டும். சாவி அவர் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தொலைந்துவிடக் கூடாது என்று அதில் ஒரு முழ நீளத்துக்குத் தேக்குப் பலகை ஒன்றைக் கட்டி, வெள்ளைப் பெயிண்டால் 'பெண்கள்' என்று எழுதியிருந்தார். அந்தப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆண் பிள்ளைகள் நிறைந்த வகுப்புகளைத் தாண்டி, வராந்தா முழுக்க நடந்து, திறந்த மைதானத்தின் குறுக்கே போய், அதே வழியில் திரும்பி வந்து ஆணியில் மாட்ட வேண்டும். எந்தப் பிள்ளை போகும்? நானே போனதில்லை. "வெளிய கிளம்புற பொம்பளை தொண்டை நனையிற அளவுக்குத்தான் குடிக்கணும்" என்பது என் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதையேதான் எல்லா அம்மாக்களும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்களுக்கு அது கஷ்டமாகவே தோன்றவில்லை. தலைக்குப் பூ வைப்பது மாதிரி, அதுவும் பெண்ணுக்கு ஒரு பழக்கம் என்று இருந்தோம்.

பஞ்சவர்ணம் பதினோராம் வகுப்பில் இருந்தாள், அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்பது அதுதான். அவள் அப்பா சோலைமுத்து புதுவயல் ரைஸ் மில்லில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். அவர்கள் ஊரிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வந்த முதல் பெண் பிள்ளை அவள்தான். கணக்கில் கெட்டிக்காரி. நான் கரும்பலகையில் தப்புப் போட்டால் பட்டென்று சொல்ல மாட்டாள். எழுந்து நின்று, "டீச்சர், எனக்குத்தான் புரியலையோ என்னவோ" என்று இழுப்பாள். நான் உடனே அழிப்பானைத் தேடுவேன்.

அந்த வருஷம் வெயில் ஏறிய ஒருநாள், காலைப் பிரார்த்தனையில் அவள் நின்ற இடத்திலேயே சரிந்தாள். வெறும் வயிற்றோடு வந்திருப்பாள் என்று முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் விழுந்தாள். அதற்கடுத்த நாள் வகுப்பில் வாந்தி எடுத்தாள். அன்று மாலை ஆசிரியர் அறையில் ஒரு வாத்தியார், வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பிள்ளை வாந்தி எடுக்குதாமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆகாத பிள்ளை வாந்தி எடுத்தால் ஊர் எதை நினைக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் பெரிய சார் கூப்பிட்டுவிட்டார். போகும்போதே மூடி திருகும் சத்தம் கேட்டது.

"உக்காருங்க டீச்சர். அந்தப் பிள்ளைய நீங்கதான் விசாரிக்கணும். நான் கேக்க முடியாது."

"சரி சார்."

"அப்படி ஏதும் இருந்துச்சுன்னா, சத்தமில்லாம டி.சி.ய வாங்கிக்கிட்டுப் போகட்டும். பிள்ளை பேரு வெளிய வந்துறக் கூடாது. அதுதான் எனக்குக் கவலை."

அவர் நல்ல மனிதர். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கெட்டவர் சொன்னால் மல்லுக்கட்டலாம். இரக்கப்பட்டு ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்பை முடித்துவைத்தால் யாரிடம் போய் முறையிடுவது?

பஞ்சவர்ணத்தைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அவளுக்கு நான் எதற்கு வருகிறேன் என்பது புரிந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது. "சத்தியமா இல்ல டீச்சர். அடிவயிறு வலிக்குது. முதுகு விண்ணுவிண்ணுனு தெறிக்குது. ஒண்ணுக்குப் போனா எரியுது" என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், அனலாகக் கொதித்தது. கையில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. காத்துக் கருப்பு என்று வீட்டில் குறி சொல்லும் கோடாங்கியிடம் காட்டிக் கட்டியிருந்தார்கள். நான் அவளை நம்பினேன். ஆனால் நான் நம்பி என்ன ஆகப்போகிறது?

சோலைமுத்துவுக்கு ஆள் அனுப்பினேன். மூன்று பேரும் காரைக்குடிக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு லேடி டாக்டர் இருந்தார். பிள்ளை ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். சோலைமுத்து முன்சீட்டிலிருந்து திரும்பி என்னிடம் மெதுவாகப் பேசினார். தலைமுடியில் தவிடு ஒட்டியிருந்தது.

"ஊருல பேசுறாக டீச்சர். எங்காதுல விழாமப் பேசுறதா நெனச்சுக்கிட்டுப் பேசுறாக."

"ஒண்ணும் இருக்காதுய்யா."

"டாக்டரம்மா வேற மாதிரிச் சொல்லிட்டாகன்னா, நான் ஊருக்குத் திரும்ப மாட்டேன். இவளையும் கூட்டிக்கிட்டு எங்குட்டாச்சும் போயிருவேன்."

எங்குட்டு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வழியெல்லாம் கண்மாய்களாகவே என் கண்ணுக்குப் பட்டன. ஜெபமாலையை இடுப்பில் செருகியிருந்தேன். எடுத்து உருட்டினால் அவர் பயந்துவிடுவார் என்று விரலையே மணியாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் பிள்ளையை உள்ளே கூட்டிப்போனார். நானும் சோலைமுத்துவும் வெளியே பெஞ்சில் இருந்தோம். வெகுநேரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார்கள். உள்ளே போகும்போது, பின்னால் அவர் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. டாக்டர் கையில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி இருந்தது. உள்ளே பிள்ளையின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

"நீங்க நினைச்சு வந்தது இல்லை" என்றார் எடுத்த எடுப்பில். "மூத்திரப் பையில சீழ். சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் கயிறு கட்டிக்கிட்டே இருந்திருந்தீங்கன்னா பிள்ளை பிழைச்சிருக்காது." பிறகு பஞ்சவர்ணத்திடம் திரும்பி, "கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்ச?" என்றார்.

"நேத்து ராத்திரி, சாப்பிடுறப்ப."

"இன்னைக்கு?"

"குடிக்கல. குடிச்சா சாவி கேக்கணும்ல."

"என்ன சாவி?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு யாரோ ஊர்க் கதை மாதிரி இருந்தது. அவள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடியும் முன்னே இருட்டில் போவார்கள். அப்புறம் பொழுது சாய்ந்து இருட்டின பிறகுதான். நடுவில் ஒரு பகல் முழுக்க நடையும் வெயிலும் படிப்பும். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீங்க எப்பக் குடிச்சீங்க?" என்றார். நானும் முதல்நாள் இரவுதான் குடித்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மருந்து எழுத உட்கார்ந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் சோலைமுத்து ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அழுதார். பிறகு எழுந்து போய் மூன்று இளநீர் வெட்டி வாங்கி வந்தார். "நெறையக் குடிக்கச் சொல்லியிருக்காகல்ல. குடி தாயி" என்றார். பஞ்சவர்ணம் இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஊர் போய்ச் சேரவே பொழுது சாயும். என் கையிலும் ஒரு இளநீர் இருந்தது. நானும் குடிக்கவில்லை. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"படிப்பு போதும் டீச்சர்" என்றார். "எனக்குப் பிள்ளை உசுரோட இருந்தாப் போதும்."

"பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச மாசந்தான்யா இருக்கு."

"அப்ப அந்தப் பூட்டத் தொறந்துட்டு வந்து சொல்லுங்க. அனுப்புறேன். தொறக்காம எம்பிள்ளையக் கேக்காதீக."

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் இல்லை. பெரிய சாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எதைச் சொல்வது? அந்தச் சொல்லை ஒரு ஆணிடம், அதுவும் அப்பா வயதுக்காரரிடம், நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. 'இயற்கை உபாதை' என்று பத்திரிகையில் எழுதுவார்கள், அப்படிச் சொல்லலாமா என்று பார்த்தேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தபோது ஏதோ புயல் மழை நிவாரணம் கேட்பது மாதிரி இருந்தது. இதற்கிடையில் பள்ளியில் பேச்சு அடங்கவில்லை. பிள்ளை வராமல் இருக்க இருக்க, வாத்தியார் சொன்ன அந்த ஒற்றை வாக்கியத்துக்குக் கையும் காலும் முளைத்தன. தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் வாயைத் திறக்காவிட்டால் அதுதான் உண்மை என்று ஆகிவிடும்.

திங்கட்கிழமை காலை பெரிய சார் அறைக்குள் போனேன். அவர் வழக்கம்போல எழுந்து நின்றார்.

"என்ன சொன்னாக டாக்டர்?"

"அப்படி ஒண்ணும் இல்ல சார். சிறுநீரகத்துல சீழ்." இதுவரை வந்துவிட்டது. அடுத்தது வரவில்லை. அவருக்குப் பின்னால் பலகை தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்: "பிள்ளைக ஒண்ணுக்குப் போகாம இருக்காக சார். காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும். அதுக்காகத் தண்ணியே குடிக்கிறதில்ல."

மைப்புட்டி மூடி திருகும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"கக்கூஸ் இருக்கே டீச்சர். சாவி கேட்டா நான் குடுக்கமாட்டேனா?"

"கேக்க மாட்டாக சார். அந்தப் பலகையத் தூக்கிக்கிட்டு எல்லாரும் பாக்க எப்படிப் போவாக? நானும் போனதில்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார். திரும்பி, ஆணியில் தொங்கிய பலகையைப் பார்த்தார். "ஒரு பிள்ளைகூட வந்து கேட்டதில்லையே" என்றார் பிறகு, தனக்குத்தானே சொல்வது மாதிரி. "பாடம் நடக்கிறப்ப எங்க பொம்பளைப் பிள்ளைக எந்திரிச்சே போகாதுகன்னு இன்ஸ்பெக்டர்கிட்டப் பெருமையாச் சொல்லியிருக்கேன் டீச்சர். அம்புட்டு ஒழுக்கம்னு சொல்லியிருக்கேன்." அவருக்கும் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களைத்தான் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று மத்தியானமே பூட்டைக் கழற்றிவிட்டார். அவருக்கே உரிய முறையில் மற்ற வேலைகளும் நடந்தன. வராந்தாவிலிருந்து கக்கூஸ் வரைக்கும் இரண்டு பக்கமும் கீற்றுத் தட்டி கட்டச் சொன்னார். வாசலில் ஒரு தொட்டியும் வாளியும் வைக்கச் சொன்னார். பெண் பிள்ளைகள் இருக்கும் வகுப்புகளுக்குப் பக்கத்தில் மண்பானையில் தண்ணீர் வைத்தார்கள். காலையில் இரண்டாவது பாடம் முடிந்ததும் பெண்களுக்கு முதலில் மணி, அது முடிந்த பிறகே ஆண்களுக்கு மணி. அந்த நேரம் முழுக்கப் பெரிய சார் வராந்தா நடுவில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ஆண் பிள்ளைகள் இருக்கும் வகுப்புகளைப் பார்த்தபடி நின்றார். அவர் நிற்கும்போது யார் எட்டிப் பார்ப்பார்கள்?

முதல் நாள் மணி அடித்தது. ஒரு பிள்ளை நகரவில்லை. பானையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. திறந்த கதவு வெறுமனே காற்றில் ஆடியது. இப்படியே போனால் பெரிய சார், "பாருங்க டீச்சர், திறந்தும் யாரும் போகல" என்று மறுபடி பூட்டினாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது. பஞ்சவர்ணம் வீட்டிலேயே கிடப்பாள்.

மூன்றாம் நாள் மணி அடித்ததும் நான் பானையிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, பிள்ளைகளுக்கு முன்னால் நின்று முழுவதையும் குடித்தேன். இன்னொரு சொம்பும் குடித்தேன். பிறகு வராந்தாவில் இறங்கி நடந்தேன். தட்டி இருந்தும் ஆள் நிறைந்த ரோட்டில் முந்தானை இல்லாமல் நடக்கிற மாதிரி உடம்பு கூசியது. பெரிய சாரின் முதுகைத் தாண்டிப் போனேன். அவர் திரும்பவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் எந்த வகுப்பிலோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். "யாரது?" என்றார் பெரிய சார், குரலை உயர்த்தாமல். பள்ளிக்கூடமே அடங்கியது. நான் போய்விட்டு, கை கால் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது, தட்டி வாசலில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் நானே சோலைமுத்துவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் மில்லிலிருந்து அப்படியே வந்தார். என் பேச்சை மட்டும் வைத்து நம்பவில்லை, நம்பவும் கூடாது. பள்ளி விட்ட பிறகு நேரே தட்டிக்குள் போய், கதவை இழுத்துப் பார்த்தார், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தார். பூட்டுத் தொங்கிய வளையத்தில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். வெளியே வந்து, "மருந்து இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கு. திங்கக்கிழமை வருவா" என்றார்.

திங்கட்கிழமை பிரார்த்தனையில் பெரிய சார் எல்லோர் முன்னாலும் பேசினார். பஞ்சவர்ணத்துக்குச் சிறுநீரகத்தில் நோய், டாக்டர் குணப்படுத்திவிட்டார், பள்ளியில் தண்ணீர் குடிக்க வசதி இல்லாததால் வந்த நோய், அதற்குத் தலைமையாசிரியர் என்ற முறையில் தான் பொறுப்பு என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் வரிசையில் வெற்றிலைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அவள் பரீட்சை எழுதும் வரை எனக்கு நிம்மதி இல்லை. தினமும் அவள் பெஞ்சைத்தான் முதலில் பார்ப்பேன். அவள் பாஸ் செய்தாள், கணக்கில் பள்ளியிலேயே முதலாவதாக.

பிறகு அவளும் பயிற்சி முடித்து ஆசிரியை ஆனாள். எழுபதுகளில் ஒரு தடவை, பரீட்சை வேலையாகக் கண்டரமாணிக்கம் பக்கம் அவள் வேலை பார்த்த பள்ளிக்கு நான் போக வேண்டி வந்தது. உச்சி வெயில். பஸ்ஸை விட்டு இறங்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்ன எனக்கு, வெளியூர் என்றதும் பழைய பயம் வந்துவிட்டது. காலையிலிருந்து ஒரு மிடறு குடிக்கவில்லை. பஞ்சவர்ணம் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என் உதட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"குடிங்க டீச்சர்" என்றாள். "பின்னாடி இருக்கு. பூட்டல."